குருத்தோலைக்குப் பின்னால் ஓர் ஆன்டெனா

என் அண்ணனுக்குக் கணினி தெரியும். எங்கள் குடும்பத்தில் இது விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்தபடியாக ஓதப்படும் வாக்கியம். தொண்ணூறுகளின் கடைசியில் ஈப்போ டவுனில் ஒரு கடைமாடியில் மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதற்குச் சட்டம் போட்டு, திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவர் அவர். நான் அதற்கப்புறம் கணினியில் பட்டமே வாங்கி, காம்பாரில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருடமாக அந்த வேலையைத்தான் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் வீட்டில் யாருடைய கைப்பேசி மக்கர் பண்ணினாலும், "அண்ணனக் கேளு" என்றுதான் சொல்வார்கள். நான் என் பட்டத்துக்குச் சட்டம் போடவில்லை. அது என் தப்புதான்.

சான்றிதழோடு சேர்ந்து வந்தது அவருடைய கணினி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, இப்போது பழைய பல்செட்டின் நிறத்துக்கு வந்துவிட்ட உயரமான பெட்டி. பக்கத்தில் முதுகு பருத்த மானிட்டர். புந்தோங்கில் அவர் வீட்டு ஹாலில், பீடத்தை ஒட்டிய மூலை அதற்கென்று ஒதுக்கப்பட்டது. மிச்சமான திரைச்சீலைத் துணியில் அண்ணி அதற்கு உறை தைத்து, விளிம்பில் லேஸும் வைத்திருக்கிறார். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் உறை துவைக்கப்படும். சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது அதன்மேலும் தீர்த்தம் தெளிக்கப்பட்டது. பிளாப்பி டிரைவ் அதற்கப்புறம்தான் படுத்துவிட்டது என்று நான் ஒருமுறை சொல்லப்போய், அண்ணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

யாரும் வேலை வாங்காத அந்தப் பெட்டிக்குப் போன மாதம் திடீரென்று வேலை வந்தது.

நாங்கள் பிறந்த எஸ்டேட் சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், இப்போது வீட்டுமனை வரப்போகிறது. லயத்து வீடுகள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, எங்கள் சின்னக் கோயிலும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டம் மட்டும் லாலான் புல்லுக்குள் கிடக்கிறது. வீடு கட்டப்போகிற கம்பெனியிலிருந்து மலாயில் ஒரு கடிதம் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் யார் யார் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலை வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பவர்களுக்கு டவுன் கல்லறையில் தனித்தனி இடம், தனித்தனிக் கல். அடையாளம் தெரியாதவர்களுக்குச் சேர்த்து ஒரே குழி, ஒரே கல். பட்டியல் 'டிஜிட்டல்' வடிவில் இருக்கட்டும் என்று கடைசி வரியில் கண்டிருந்தது.

எஸ்டேட்டில் இருந்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. தினமும் காலையில் ரோஜாப்பூ, பைபிள் வசனம், சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் என்று பொழிந்து தள்ளுவார்கள். கல்லறைப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டதும் நூற்றுச்சொச்சம் பேரும் கும்பிடுகிற கைப் படத்தைப் போட்டுவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்: அண்ணனிடம் இருக்கிறது. உண்மைதான். கணினி வாங்கிய புதிதில், எஸ்டேட் கோயிலின் உபதேசியார் உயிரோடு இருந்தபோதே, அண்ணன் அந்தப் பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். "உபதேசியாரோட ஒவ்வொரு குழியா நடந்து பாத்து எழுதுனேன்லா" என்று எல்லா ஒன்றுகூடலிலும் சொல்வார். உபதேசியார் போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு பிரதி கிடையாது.

எங்களுக்கு அந்தப் பட்டியல் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, அண்ணனோடு இருக்கிறார். அண்ணனுக்கும் முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் பிறந்து, ஒன்பது நாள் இருந்து, போய்விட்டது. எங்கள் அக்கா. அவளுக்குக் கல் வைக்கவில்லை. வைத்திருந்த மரச் சிலுவையையும் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அண்ணனுடைய பட்டியல்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கடிதத்தை அண்ணன் வாசித்துச் சொன்னதும் அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவள வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே எனக்கும் ஒண்ணு கேட்டுரு."

"அப்ப அப்பா பக்கத்துல?" என்றார் அண்ணன்.

"உங்கப்பாவோட நாப்பது வருசம் குப்ப கொட்டியாச்சு. போதும்லா."

நான் சனிக்கிழமை காலையில் காம்பாரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் உறையைக் கழற்றி, பொத்தானை அமுக்கிவிட்டுத் தள்ளி நின்றார். ஒரு தேத்தண்ணி ஆற்றிக் குடித்து முடிக்கிற நேரத்தில் திரை வந்தது. பட்டியலைத் திறந்து காட்டினார். எண், பெயர், வரிசை, இறந்த வருடம், எல்லாம் பெரிய பெரிய எழுத்தில். அம்மா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"எழுத்து நல்லா பெருசா தெரியுது" என்றார். நாங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

எங்கள் கவலை வேறு. பட்டியலை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். பிளாப்பி டிரைவ் கதை ஏற்கெனவே சொன்னேன். பென்டிரைவைச் சொருகினால், இது என்ன சாமான் என்று கேட்டுவிட்டு அந்தக் காலத்து விண்டோஸ் கையை விரித்தது. பிரிண்டரின் ரிப்பன் காய்ந்து நூலாகிவிட்டது. டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு சீனத் தௌக்கே கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார் என்றேன்.

"கழட்டுனா எல்லாம் போயிரும்லா. என் கம்ப்யூட்டர்ல வெளியாளு கை வைக்கக்கூடாது" என்றார் அண்ணன். பிறகு உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். கணினிக்குள் சொருகுகிற வைஃபை அட்டை. எப்போதோ மலிவு விற்பனையில் வாங்கி, ஒரு நாள் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மூடி வைத்தது. "இதப் போட்டா கம்பியே இல்லாம உன் லேப்டாப்புக்கு வந்துரும். நான் பண்றேன், நீ பக்கத்துல இரு. உனக்கு இது தெரியாது, இது அந்தக் காலத்து மெசின்."

உனக்கு இது தெரியாது. பதினெட்டு வருடமாக நானூறு கணினிகளைக் கட்டி மேய்க்கிறவளிடம் சொன்ன வார்த்தை. மூளை உள்ளவள் அந்த இடத்தில் கார் சாவியை எடுத்துக்கொண்டு தௌக்கேயிடம் போயிருப்பாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. "தள்ளுங்கண்ணே" என்று சொல்லித் திருப்புளியை வாங்கிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லிக் குடும்பம் வாழ்ந்து முடித்திருந்தது. காய்ந்த பல்லி ஒன்று, முட்டை ஓடு நான்கு. மேற்கொண்டு யாரும் குடிவரக் கூடாது என்று அண்ணன் அட்டை சொருகும் இடங்களையெல்லாம் கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தார். டேப்பை உரித்து, பிசினைத் துடைத்து, அட்டையைச் சொருகி, பெட்டியை மூடினேன். புதுச் சாமான் ஒன்று வந்திருப்பதைக் கணினி கண்டுகொண்டது. உடனே விண்டோஸ் சிடி வேண்டும் என்றது. அதைத் தேட ஒரு மணி நேரம். பாடகற்குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு சிடிகளுக்கு நடுவில் இருந்தது. உள்ளிருக்கிற சின்ன பேட்டரி செத்துவிட்டதால், கணினி தான் பிறந்த வருடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அண்ணனும் ஏறக்குறைய அந்த வருடத்தில்தான் இருந்தார். அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

மத்தியானத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வரவில்லை. எங்கள் வைஃபை மட்டும் இல்லை, அக்கம்பக்கத்து வைஃபை ஒன்றும் வரவில்லை. புந்தோங்கில் ஒரு தெருவிலும் ஒரு வைஃபையும் இல்லை என்று அந்தக் கணினி சாதித்தது.

நான் படித்த படிப்பு அத்தனையும் அங்கே இறக்கினேன். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். ரௌட்டரின் சேனலை மாற்றினேன். இரும்பு அலமாரி மறைக்கிறது என்று அண்ணனும் அண்ணியும் அதைத் தள்ளினார்கள். ரௌட்டரை ஒரு ஸ்டூல்மேல் வைத்துக் கணினியின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பிழைச் செய்தி வந்தபோதும் அதை என் கைப்பேசியில் படமெடுத்து, கல்லூரி நண்பர்களுக்கு அனுப்பி ஆலோசனை கேட்டேன். மொத்தம் பதினான்கு படம். இந்தப் பதினான்கு என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என்னைத் திட்டுவதற்குப் பிறகு உதவும்.

கடைசியில் களைத்துப்போய், பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். அட்டையிலிருந்து பித்தளைத் திருகு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்தேன். படத்தில் அங்கே விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி.

"அண்ணே, இதுல ஒரு ஆன்டெனா இருக்கணுமே?"

"எது? அந்தக் குச்சியா? அது சும்மா அழகுக்குலா."

சட்டம் போட்ட சான்றிதழுக்குக் கீழே நின்றுதான் இதைச் சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அது இல்லாததை நானும் கவனிக்கவில்லை.

வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். இழுப்பறை, பிஸ்கட் டின், தையல் பெட்டி, கார் டிக்கி. பழைய கைப்பேசி ஆறு கிடைத்தது, எதற்கென்றே தெரியாத சாவி இருபது கிடைத்தது, குச்சி கிடைக்கவில்லை. நாங்கள் தேடிய நேரமெல்லாம் கணினி பட்டியலைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அது பத்திரமாக இருக்கிறதா என்று அண்ணன் மணிக்கொரு தரம் திறந்து பார்த்து, அப்படியே விட்டிருந்தார். அம்மா மட்டும் அதன் முன்னால், மடியில் ஜெபப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்தவர்களுக்கு ஜெபம் சொல்கிறார் என்று நினைத்து நான் தொந்தரவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பீடத்தின் முன்னால் ஒரு பரலோக மந்திரம் சொல்ல முழந்தாளிட்டேன். பக்தியைவிட விரக்திதான் அதிகம். அப்போதுதான் குருத்தோலைச் சிலுவை கண்ணில் பட்டது. குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கிற தென்னங்குருத்தைச் சிலுவையாக முடைந்து, வருடம் முழுக்கப் பீடத்தில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். மாதங்கள் போகப் போக அது காய்ந்து தலை தொங்கிவிடும். என் வீட்டில் தொங்கித்தான் கிடக்கிறது. அண்ணி வீட்டுச் சிலுவை மட்டும் மெழுகுவர்த்தித் தண்டில், எஸ்டேட்டில் காலைப் பிரட்டுக்கு வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி விறைப்பாக நின்றது. குனிந்து பின்னால் பார்த்தேன். நூலால் சுற்றி, ஓலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது ஒரு கறுப்புக் குச்சி.

"ரிமோட்டுல ஒடஞ்ச குச்சின்னு நெனச்சேன்ம்மா. சரியா இருந்துச்சு, முட்டுக் குடுத்தேன்" என்றார் அண்ணி.

"அவுத்துக் குடுங்க அண்ணி."

"அது எப்புடி? சாம்பல் புதனுக்கு முன்னாடி கோயில்ல திருப்பிக் குடுக்குற வரைக்கும் பீடத்த விட்டு எறக்கக்கூடாதுல்ல."

நான் சிலுவையை இறக்கச் சொல்லவில்லை, குச்சியைத்தான் கேட்கிறேன் என்று விளக்கினேன். குச்சியும் இத்தனை மாதமாகப் பீடத்தில் இருந்துவிட்டது என்றார் அண்ணி. அண்ணன் நடுவில் புகுந்து, "அப்ப அது மந்திரிச்ச ஆன்டெனா, லைன் நல்லா இழுக்கும்லா" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கடைசியில், சமையலறையில் மிச்சமிருந்த, இறைச்சி கோத்துச் சுடுகிற ஒரு சாத்தே குச்சிக்கு அந்தப் பதவி கிடைத்தது. அண்ணியே நூலை அவிழ்த்து, சிலுவை சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாத்தே குச்சியை வைத்துக் கட்டினார். எனக்கு ஆன்டெனாவைக் கொடுப்பதற்கு முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆன்டெனாவைத் திருகியதும் தெருவில் இருந்த வைஃபை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன்ல என்று எழுதியிருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்தது கடவுச்சொல். எத்தனை முறை போட்டாலும் உள்ளே விடவில்லை. காரணம் லேசானது: இந்தக் காலத்து ரௌட்டர் போடுகிற பூட்டு, அந்தக் காலத்து அட்டைக்குப் புரியாது. அட்டைக்குப் புரிகிற பழைய பூட்டை ரௌட்டர் கழித்துக்கட்டி வருடக்கணக்காகிறது. ஒரே வழி, பூட்டே இல்லாமல் திறந்துபோடுவது. கல்லூரியில் யாராவது இதைச் செய்தால் நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பேன். அண்ணன் வீட்டில் நானே செய்தேன்.

கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டில் குவே பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தார். "என்னாண்ணே, இன்னிக்கு உங்க லைன் இம்புட்டு லாஜு!" என்று லைனின் வேகத்தை மெச்சிச் சந்தோஷமாகச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து எங்கள் வாசல் கேட்டை ஒட்டிப் போட்டுக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்த்தார். ரௌட்டரில் பார்த்தால் பதினேழு கைப்பேசிகள். எங்கள் கணினிதான் பதினெட்டாவது. அதற்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு இரண்டு மெசினைத் தவிர யாரும் வரக்கூடாது என்று ரௌட்டரில் கட்டளை போட்டேன். உடனே கேட்டுக்கு வெளியிலிருந்து, லைன் கெட்டுவிட்டதா என்று கவலையாக ஒரு குரல்: "அண்ணே, லைன் ரோசாக்கா?" அண்ணன் வெளியே போய், பெரிய வேலை நடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். தன் வீட்டு லைனைத் தானே பூட்டிக்கொண்டதற்கு!

திங்கட்கிழமை நான் அவசர விடுப்பு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதினேன். அதைவிடச் சரியான காரணத்தை நான் எந்த விடுப்பிலும் எழுதியதில்லை.

பதினொரு மணிவாக்கில் கணினியும் என் மடிக்கணினியும் பேசத் தொடங்கின. நான்கு முறை அறுந்து, ஐந்தாம் முறை கோப்பு வந்து சேர்ந்தது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பச்சைக் கோடு முடிவு வரைக்கும் போனதைப் படமெடுத்து, 'பட்டியல் மீட்கப்பட்டது' என்று வாட்ஸாப் குழுவில் போட்டார். கும்பிடுகிற கைகள் மழையாகப் பொழிந்தன. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து யாரோ, அண்ணன் இல்லாவிட்டால் எங்கள் தாத்தா அநாதை என்று எழுதினார்கள்.

நான் கோப்பைத் திறந்தேன்.

ஒன்று முதல் அறுபத்தொன்று வரை எண்கள் ஒழுங்காக இருந்தன. வருடங்களும் இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் புள்ளி வைத்த வெள்ளைக்கார எழுத்துகளும், பவுண்டு அடையாளமும், கேள்விக்குறியும் இறைந்து கிடந்தன. அண்ணன் தட்டச்சு செய்த காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இருக்கிற மெசினில் மட்டும்தான் அது தமிழ்; அண்ணன் பயன்படுத்தியதோ இணையத்தில் எங்கும் இல்லை. கணினி படித்தவள், தமிழும் படித்தவள், இது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. ஆன்டெனாவைத் தேடுகிற மும்முரத்தில் எதற்காகத் தேடுகிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

எழுந்து நின்ற அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். எழுத்துருவையும் அதே வழியில் இழுத்து வரலாம் என்று சொல்லி நான் எழுந்தேன். பழைய கணினியைத் தொட்டதும் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று சொல்லி, நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாமல் கரகரத்துக்கொண்டிருந்தது. அந்தக் கரகரப்பைக் கேட்டால் தௌக்கேயும் கையை விரிப்பார்.

கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மலாய்ப் பெண் ஒருவர் எடுத்தார். எங்கள் கோப்பில் சிக்கல் இருக்கிறது, ஒரு வாரம் தவணை கிடைக்குமா என்று மலாயில் கெஞ்சினேன்.

"கோப்பு வேண்டாம் கக்கா. துலிஸ் தாங்ஙான் பூன் போலே" என்றார் அந்தப் பெண், என்னை மலாயில் அக்கா என்று அழைத்து. கையால் எழுதியதே போதுமாம். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் அதுதான் டிஜிட்டலாம்.

போனை வைத்தேன். அதில் இருந்த பதினான்கு பிழைச் செய்திப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மூன்று நாளாகப் பட்டியல் என் முகத்துக்கு நேரே, பெரிய பெரிய எழுத்தில், பளிச்சென்று இருந்தது. என் கையில் கேமரா இருந்தது. எனக்குப் பட்டம் இருந்தது, அண்ணனுக்குச் சான்றிதழ் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. இப்போது திரையில் ஒன்றும் இல்லை. நாளை ஐந்து மணிக்குள் இந்த மெசின் எழுந்திருக்காவிட்டால், அறுபத்தொரு பேரும் ஒரே குழிக்குள் போவார்கள், அக்காவும் அதற்குள் போவாள், அம்மா கேட்ட ஒரே ஒரு இடத்தை நாங்கள் தொலைத்துவிட்டோம்.

"முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று அம்மா கேட்டார். ஜெபப் புத்தகத்தை என் மடியில் போட்டார்.

பின்பக்கத்து வெற்றுத் தாள்களில், பென்சிலால், கோடு போட்டு எழுதியிருந்தார். எண், பெயர், வரிசை, வருடம். பால் மரம் வெட்டிய கை. எழுத்து கொஞ்சம் நடுங்கினாலும் ஒன்றும் தப்பவில்லை.

"எப்பம்மா எழுதுனீங்க?"

"நீங்க குச்சி தேடுனப்ப பாதி. நேத்து மீதி. கீழ போற பட்டன் ஒண்ணுதான, அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்."

அண்ணன் சிரித்தார், நானும் சிரித்தேன். கும்பிடுகிற கை எல்லாம் அம்மாவுக்குப் போக வேண்டியது என்றேன். விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே கடைசித் தாளைத் திருப்பினேன். அம்மாவின் பட்டியல் அறுபத்தொன்றில் நிற்கவில்லை. அறுபத்திரண்டு என்று ஓர் எண் இருந்தது. அதற்கு நேரே ஒரு பெண் பெயர். வரிசை என்ற இடத்தில், 'வேலிக்கு வெளிய, கெணத்துப் பக்கம், மூணாவது' என்று இருந்தது.

"இது அண்ணனோட லிஸ்டுல இல்லையேம்மா."

"இல்ல. நான் மேலேருந்து கீழ ரெண்டு தடவ பாத்துட்டேன். அவ அதுல இல்ல."

அண்ணன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். குழி குழியாக நடந்து எழுதிய பட்டியல் அல்லவா, எப்படி விட்டுப்போகும் என்று நான் கேட்டேன். என் குரலில் இருந்த கூர்மை எனக்கே தெரிந்தது. தான் நடக்கவே இல்லை என்றார் அண்ணன். உபதேசியாருக்கு முழங்கால் வலி, லாலான் இடுப்பளவு நின்றது. ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, உபதேசியாரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"அந்த நோட்டுல எப்புடி இருப்பா?" என்றார் அம்மா. "சாமியார் எஸ்டேட்டுக்கு மாசம் ஒருக்கா வருவாரு. அவரு வாரதுக்குள்ள இவ போயிட்டா. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைய நோட்டுல எழுத மாட்டாங்க, வேலிக்கு உள்ளயும் வைக்க விடல."

கம்பெனி கேட்டது வேலிக்குள் இருப்பவர்களை. வேலிக்கு வெளியே மண் அள்ளுகிற எந்திரம் நேரே வரும். அதாவது நாங்கள் அந்தக் கோப்பை முழுசாக, அழகாக, ஒரு எழுத்துகூடச் சிதறாமல் எடுத்து அனுப்பியிருந்தால், அக்காவுக்கு அந்தப் பொதுக்குழி கூடக் கிடைத்திருக்காது. மூன்று நாளாக எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு உபதேசியார்மேல் கோபம் வந்தது, அந்த வேலிமேல் வந்தது, அண்ணன்மேல் வந்தது. எல்லாவற்றையும்விட என்மேல் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவள் நான். எனக்கு ஓர் அக்கா உண்டு என்று சிறுவயதிலிருந்தே தெரியும். அவளை அடக்கம் செய்த நாளில் அங்கே நின்றவர் இதே வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் அவரை விட்டுவிட்டு, பல்லி முட்டை போட்ட பெட்டியிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாள்களைப் படமெடுத்தேன். ஐந்து படம். அறுபத்திரண்டாவதற்குக் கீழே, இது வேலிக்கு வெளியே இருக்கிறது, நாங்களே நேரில் வந்து இடம் காட்டுகிறோம் என்று மலாயில் எழுதி அனுப்பினேன். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது: கிடைத்தது, மொத்தம் அறுபத்திரண்டு பெயர், நன்றி கக்கா.

அண்ணி கணினிக்கு உறையைப் போட்டார். அண்ணன் இன்னும் அந்தக் கடைசித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது ஆளின் முகம் அடிவாங்கியது போல இருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"அதுக்குப் பேரு வச்சிருந்தீங்களாம்மா? எனக்குத் தெரியவே தெரியாதே."

அம்மா புத்தகத்தை வாங்கி மூடினார்.

"ஒம்பது நாளும் என்னான்னு கூப்புட்டிருப்பேன்னு நெனச்ச?"